கல்லூரிக் கொயரின் பழக்கவழக்கங்கள்: நினைவிருப்பதை எழுதுங்கள் (மதுரை)

#1 வைகை டெனர் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தொண்ணூறுகளில் மதுரையில் படித்தேன். மூன்று வருஷமும் கல்லூரிக் கொயரில், அதாவது பாடகர் குழுவில், டெனர் (ஆண்களின் மேல்குரல்) வரிசை. போன மாதம் அதே கல்லூரியிலிருந்து இரண்டு மாணவர்கள் என் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். "சார், டிசம்பர் கேரல் சர்வீஸுக்கு (கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை) நாங்களே பழகிக்கொண்டிருக்கிறோம். ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுச் சொல்ல முடியுமா?" என்றார்கள். சனிக்கிழமை போனேன்.

இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் நாலு குரல்களில் தன்னுடைய பார்ட்டை யூடியூபில் கண்டுபிடித்து, காதில் இயர்போன் மாட்டித் தனியாகப் பழகியிருந்தார்கள். ஒரு சுரம்கூடத் தப்பில்லை. ஆனால் சேர்ந்து பாடியபோது ஒரே அறையில் நாலு பாட்டு நடந்தது. யாரும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கவில்லை. எங்கே மூச்சு எடுப்பது என்று கேட்டேன். முடியும்போது எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அவர்கள் மேல் குற்றமே கிடையாது, சொல்லித்தர ஆள் இல்லை.

2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள். திறந்த பிறகும் கூடி நின்று பாடுவதற்கு ரொம்ப நாள் பயந்தோம். கோயில் ஓதுவார் முப்பது நாற்பது வருஷம் அதே சன்னதியில் இருப்பார். சபை கொயரில் அப்பாவும் மகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கல்லூரிக் கொயரில் மட்டும் மூன்றே வருஷத்தில் மொத்த ஆளும் மாறிவிடும். அதில் இரண்டு டிசம்பர் போனால் சங்கிலி அறுந்த மாதிரிதான். தெரிந்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பக்கத்தில் உட்கார யாரும் இல்லை.

எங்கள் காலத்துப் பழக்கங்களில் எனக்கு நினைவிருப்பவை:

புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் பாடக்கூடாது. அதே பார்ட் பாடும் இரண்டு சீனியர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் வாரம் வாயை மூடி முனகலாம். மூன்றாம் வாரம்தான் சொல். மதுரை வெயிலிலும் பழக்கம் தொடங்கியதும் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். விசிறிச் சத்தத்தில் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) கேட்காது, தாளும் பறக்கும். ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வது இரண்டாம் வருஷக்காரர் ஒருவரின் பொறுப்பு. படிப்பை முடித்துப் போகிற வருஷத்தார் ஆளுக்கொன்று வேண்டாம், கூட்டாக ஒரே ஒரு பாட்டைக் கொயருக்கு வைத்துவிட்டுப் போகவேண்டும். கேரல் சர்வீஸுக்கு முந்தின இரவு நடக்கும் கடைசிப் பழக்கத்தை விளக்கை அணைத்துவிட்டுப் பாடுவோம். இது ஏன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வேறு கல்லூரிகளில் எப்படி இருந்தது? எந்த வருஷமானாலும் சரி, எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும்.

#2 ஆல்ட்டோ அக்கா | ஞாயிறு, இரவு 10.55

தம்பி, படித்ததும் தூக்கம் போய்விட்டது. நான் எண்பதுகளில் பெண்கள் கல்லூரியில் படித்தவள். பெண்கள் மட்டும் இருக்கும் கொயரில் பேஸ் கிடையாது, டெனர் கிடையாது. முதல் சோப்ரானோ, இரண்டாம் சோப்ரானோ, ஆல்ட்டோ என்று மேலிருந்து கீழாக மூன்று குரலாகப் பிரித்துப் பாடுவோம். பாட்டுக்கு அடித்தளம் போடுவது ஆல்ட்டோதான். அதனால் ஆல்ட்டோவில் நின்றவளுக்குச் சுருதி தப்பவே கூடாது. டிசம்பரில் ஆண்கள் கல்லூரிக் கொயரோடு சேர்ந்து பாடும்போதுதான் நாலு குரலும் முழுசாக வரும். முதல் கூட்டுப் பழக்கத்தில் எனக்குப் பின்னால் பேஸ் வரிசை ஆரம்பித்தது இன்னும் நினைவிருக்கிறது. பெஞ்சின் மரம் முதுகில் அதிர்ந்தது.

எங்களுக்கு யாருக்கும் ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாது. எல்லாம் டானிக் சால்ஃபாதான். கரும்பலகையில் நாலு வரி, ஆங்கில எழுத்தில் டோ, ரே, மி. இடையில் தாளத்துக்குப் புள்ளிகள், நீட்டுவதற்குக் கோடு. அதைப் பார்த்துப் புதுப் பாட்டை அரை மணி நேரத்தில் தூக்கிவிடுவோம்.

சால்ஃபா நம் ஊரில் இப்படி வேரூன்றியதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றும். அதில் டோ என்பது நிலையான சுரம் இல்லை. பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதுவே டோ. நம் ச-வும் அப்படித்தானே? சுருதி ஒரு கட்டையானாலும் ஐந்து கட்டையானாலும் ச என்பது ச-தான். வீட்டில் அம்மா சரளி வரிசை பாடக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு "இன்றைக்கு டோ இரண்டு கட்டை" என்றால் வேறு விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று. கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது எந்த வீட்டிலும் முதல் பாட்டு வாசலில், இரண்டாவது பாட்டு உள்ளே. உடம்புக்கு முடியாதவர் இருந்தால் அவர் கட்டிலைச் சுற்றி நின்று மெதுவாக ஒன்று. அந்த மூன்றாவது பாட்டில்தான் நான் பாடவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். சத்தம் போடாமல் நாலு குரலும் கேட்கவேண்டும். அது ரொம்பக் கஷ்டம்.

#3 பசுமலை | திங்கள், காலை 6.20

நல்ல இழை. பழக்கங்களைச் சொல்கிறபோது அவை எங்கிருந்து வந்தன என்பதையும் அந்த மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் தொடங்கியதுதான் அமெரிக்க மதுரை மிஷன். பாட்டு விஷயத்தில் அவர்களுக்கு முன்னாலேயே இங்கே பெரிய செல்வம் இருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ராகமும் தாளமும் வைத்துக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் குவித்திருந்தார். இந்த மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவரிடம் போய்க் கேட்டுச் சேகரித்து 1853-ல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அன்றைக்கு மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாட்டுகள்தான் ஆலயத்துக்கு உரியவை என்று நினைத்தவர்கள் பலர். அதனால் அது சின்னக் காரியம் இல்லை. மேல்நாட்டு மெட்டுப் பாமாலை ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று இன்றுவரை இரண்டு புத்தகமும் சேர்ந்தே ஆலயத்துக்குப் போகின்றன. நம் கல்லூரிக் கொயர்களின் அடித்தளமும் இந்த இரண்டுதான்.

கல்லூரிகளை எடுத்துக்கொண்டால், அமெரிக்கன் கல்லூரி எங்கள் பசுமலையில் 1881-ல் தொடங்கியது. பிறகுதான் வைகையின் வடகரைக்குப் போனது. லேடி டோக் கல்லூரியை கேட்டி வில்காக்ஸ் 1948-ல் தொடங்கினார். அரசரடி இறையியல் கல்லூரி 1969. மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது 1966-ல், காமராசர் பெயர் சேர்ந்தது 1978-ல். அதற்கு முன்னால் இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆகவே "பல்கலைக்கழகக் கொயர்" என்ற ஒன்றைவிட அந்தந்தக் கல்லூரியின் கொயர்தான் இங்கே பழையது.

மாணவர் பாடகர் குழு என்ற ஏற்பாடு வெளிநாடுகளிலும் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஷயம். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழக மாணவர்களின் குழு 1831-ல் தொடங்கியது. அமெரிக்காவில் ஹார்வர்ட் கிளீ கிளப் 1858-ல். நாம் டிசம்பரில் ஒன்பது வேத வாசகங்களும் நடுநடுவே கேரல்களும் வைத்து நடத்துகிறோமே, அது 1880-ல் இங்கிலாந்தில் ட்ரூரோ என்ற ஊரில் ஆரம்பித்தது. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்கு 1918-ல் வந்தது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, போர்முனையில் குருவாக இருந்து திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட் அதை அங்கே நடத்தினார். 1928-ல் வானொலியில் ஒலிபரப்பான பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கிங்ஸில் தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தை ஒரு சிறுவன் தனியாகப் பாடுவான். எந்தச் சிறுவன் என்பது அந்த நிமிஷம் வரை அவனுக்கே தெரியாது. கைகாட்டினால்தான் தெரியும். ஆகவே எல்லோரும் தயாராக இருப்பார்கள்.

அங்கே 1983-லிருந்து வருஷத்துக்கு ஒரு புதுக் கேரல் எழுதச்சொல்லி வாங்குகிறார்கள். டெனர் சொன்ன "போகிற வருஷத்தார் ஒரு பாட்டு வைத்துவிட்டுப் போவது" என்பதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொயர் உயிரோடு இருக்க இது நல்ல வழி.

#4 சுருதிப்பெட்டி | திங்கள், காலை 11.15

நான் கர்நாடக இசை படித்தவன், தெற்கு மாசி வீதிப் பக்கம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

மேல்நாட்டுப் பாட்டை நாலு குரலில் பாடுவது அழகு. அது அதற்கென்றே பிறந்தது. ஆனால் கீர்த்தனையை எடுத்து நாலாகப் பிரித்துப் பாடும்போது எனக்குத் தாங்கவில்லை. ராகம் என்பது ஒரே கோடு. அந்தக் கோட்டின் வளைவில்தான் உயிர் இருக்கிறது. கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, நாற்பது பேர் ஒன்றாக அசைக்க முடியாது என்று அதை நேர்சுரமாக ஆக்கிவிடுகிறார்கள். கீழே ராகத்தில் இல்லாத சுரங்களை ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் கொடுக்கிறார்கள். பாட்டு இருக்கும், ராகம் இருக்காது. சின்ன வயதில் ஒரு கல்லூரி விழாவில் மோகனம் என்று சொல்லி ஒரு பாட்டைப் பாடினார்கள். இரண்டாம் வரியிலேயே சங்கராபரணம் ஆகிவிட்டது. பாடியவர்களுக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

இதையும் பாரம்பரியம் என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா?

#5 வைகை டெனர் | திங்கள், பகல் 1.05

சார், வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான். அக்கா பதில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நான் வேலை முடித்து வருகிறேன்.

#6 ஆல்ட்டோ அக்கா | திங்கள், இரவு 8.30

சுருதிப்பெட்டி சார் சொன்ன குறை நூற்றுக்கு நூறு சரி. அந்த மாதிரி நானும் பாடியிருக்கிறேன். ஆனால் அது நாலு குரலின் குற்றம் இல்லை, பிரித்து எழுதியவரின் அவசரம்.

மோகனத்தையே எடுத்துக்கொள்வோம். ச ரி க ப த. ஐந்தே சுரம். ம-வும் நி-யும் கிடையாது. மேல்நாட்டு முறையில் நாலு குரல் எழுதுகிறவர் வழக்கமாக ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று சுரக்கட்டுகளை வைத்துக்கொண்டு ஓட்டுவார்: ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி. இதில் இரண்டாவதற்கு ம வேண்டும், மூன்றாவதற்கு நி வேண்டும். கை பழகிய வேகத்தில் ஆல்ட்டோவுக்கு ஒரு ம, டெனருக்கு ஒரு நி கொடுத்துவிடுவார். சார் கேட்டதும் இதைத்தான். ஆல்ட்டோ ஒரே ஒரு ம தொட்டால் போதும், மோகனம் கலைந்துவிடும்.

மோகனத்துக்குள்ளேயே நின்றால் கிடைப்பவை இரண்டே கட்டுகள்தான்: ச-க-ப, த-ச-க. வெறும் இரண்டா என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கீர்த்தனையை, பெயர் தெரியாத யாரோ ஒரு சீனியர் இந்த இரண்டை மட்டும் வைத்தே எழுதியிருந்தார். பேஸ் தம்பூரா மாதிரி ச-வையும் ப-வையும் பிடித்துக்கொள்ளும். பல்லவியை சோப்ரானோ தனியாக எடுக்கும். அனுபல்லவியில் டெனர் இரண்டு அட்சரம் தள்ளி அதே வரியைத் தொடரும். முன்னால் போகிறவர் பின்னால் மறுபடி வருகிற மாதிரி இருக்கும். அரைச் சுர இடைவெளியே இல்லாத ராகம் என்பதால் எந்த இடத்திலும் இடிக்காது. சரணம் முடிகிற இடத்தில்தான் நாலு குரலும் ஒன்றாக ச-க-ப-வில் உட்காரும். அப்படி உட்காரும்போது, சரியாக உட்கார்ந்தால், யாரும் பாடாத ஒரு மெல்லிய மேல்சுரம் தலைக்கு மேல் கேட்கும். கொயரில் பாடியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். அதைக் கேட்பதற்காகத்தான் வியாழக்கிழமை சாயங்காலமெல்லாம் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தோம்.

கமகத்தைப் பற்றி: ஆட்டத்தைக் குறைக்கவேண்டும், அழிக்கக்கூடாது. எந்த சுரத்துக்கு எத்தனை அசைவு என்று எங்கள் டீச்சர் விரலால் காட்டுவார்கள். முப்பது பேரும் ஒரே அசைவு.

இந்திய மொழிகளில் இப்படிக் கூட்டுக்குரல் எழுதுவதையே தன் வேலையாக எடுத்துச் செய்தவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). சினிமாவுக்கு இசையமைத்தவர், மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கியவர். அவர் வழியில் வந்தவர்கள் பாரதியார் பாட்டை எப்படிப் பாடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள் சார். பிறகு பேசுவோம்.

#7 அரசரடி | செவ்வாய், காலை 7.45

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நாம் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டையே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் கூட்டமாகப் பாடுவதற்கு அதைவிடப் பழைய முறை இருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. கும்மியில் அது உண்டு, நடவுப் பாட்டில் உண்டு. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்கு வர்ணிப்பு பாடும் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு யார் சால்ஃபா எழுதிக்கொடுத்தார்கள்? பெரியவர் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு வந்ததுதான். டெனர் அண்ணன் சொன்ன "இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்பது" அங்கேயும் அப்படியேதான்.

அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு ஐயா இருந்தார். பரட்டை என்று சொன்னால் பலருக்குத் தெரியும். 2005-ல் காலமானார். மேல்நாட்டு மெட்டும் வேண்டாம், கர்நாடக ராகமும் வேண்டாம், உழைக்கிற ஜனங்களின் நாட்டுப்புறப் பாட்டுதான் அவர்களுடைய விடுதலையின் மொழி என்று வழிபாட்டுக்குள் அந்த இசையைக் கொண்டுவந்தவர். மெட்டு சுலபமாக இருந்தால் பாடுகிறவன் அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள முடியும், அந்த உரிமை முக்கியம் என்பது அவர் நினைப்பு. இந்தக் கேள்வியில் ராகம் கெடுகிறதா என்பதைவிட இது யாருடைய பாட்டு என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பறையோடு நாற்பது பேர் பாடும் கொயரைக் கேட்டிருக்கிறேன். மேடையின் பலகை காலுக்குக் கீழே பேசும். அந்த மாணவர்களிடம் ஒரு பாட்டாவது இந்த வகையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே வாய் திறக்க அது இடம் கொடுக்கும். மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

#8 சுருதிப்பெட்டி | செவ்வாய், பகல் 12.40

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு யூத் கொயர் பாடியதைத் தேடி இரண்டு தடவை கேட்டேன். ஒன்றில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, ஒன்றில் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு கட்டு மோகனத்தைக் கேட்க ஆசையாக இருக்கிறது. பேஸ் தம்பூரா மாதிரி நிற்கிறது என்றால் அதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்தப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா?

அரசரடி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். வர்ணிப்பு பாடுகிறவர்களிடமும் கறாரான பயிற்சி உண்டு. எழுதி வைக்கவில்லை என்பதால் சுலபம் என்று ஆகிவிடாது.

#9 அரசரடி | செவ்வாய், பகல் 12.58

ஒப்புக்கொள்கிறேன் சார். சுலபம் என்று நான் சொன்னது மெட்டை, பயிற்சியை இல்லை.

#10 புதுக்குரல் | செவ்வாய், இரவு 9.10

வணக்கம். வைகை டெனர் சாரைக் கூப்பிட்ட இரண்டு பேரில் நானும் ஒருத்தி. இரண்டாம் ஆண்டு, கணிதம். எல்லாவற்றையும் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை சார் வந்தபோது விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்து எல்லோரையும் கண்ணை மூடி ஒரே ஒரு ச பிடிக்கச் சொன்னார்கள். சொல் கிடையாது, பாட்டு கிடையாது. ஐந்து நிமிஷம். முதலில் இருபத்திரண்டு ச கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு இடத்தில் ஒரே ச ஆனது. என் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை. இயர்போனில் பழகும்போது அது வந்ததே இல்லை.

எங்கள் கஷ்டம் ஒன்று. பல்கலைக்கழக இளைஞர் விழாவில் குழுப்பாட்டுக்கு ஆறு பேர்தான், பத்து நிமிஷம்தான். பரிசு அங்கே கிடைக்கிறது, அதனால் நன்றாகப் பாடும் ஆறு பேரையே எல்லோரும் கேட்கிறார்கள். மீதிப் பதினாறு பேர் மெல்ல வராமல் போய்விடுவார்கள் போல இருக்கிறது. உங்கள் காலத்தில் இதற்கு என்ன செய்தீர்கள்?

இன்னொரு கேள்வி. கல்லூரி விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தை நாங்கள்தான் பாடுகிறோம். அதையும் நாலு குரலில் பாடலாமா?

#11 ஆல்ட்டோ அக்கா | செவ்வாய், இரவு 10.20

கண்ணு, இரண்டாவது கேள்விக்கு முதலில். வேண்டாம். மனோன்மணீயம் சுந்தரனாரின் அந்தப் பாட்டை 2021 டிசம்பரில் அரசு மாநிலப் பாடலாக அறிவித்தபோதே மோகனத்தில், மூன்றன் நடையில், 55 வினாடியில் பாடவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஒலித்தட்டில் போடுவதைவிடப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாடவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. கொயருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. ஒரே குரலில் பாடுங்கள். நீங்கள் கண்ணை மூடிப் பிடித்த அந்த ச மாதிரி, பாட்டு முழுவதும். நாலாகப் பிரித்துப் பாடுவதைவிட அது கஷ்டம். அந்தப் பதினாறு பேரையும் அதில் நிறுத்துங்கள். வருஷத்துக்கு எத்தனை விழா நடக்கிறது! ஒவ்வொன்றிலும் அவர்கள் பாடினால் ஏன் வராமல் போகிறார்கள்?

ஆறு பேருக்கு என்ன செய்வது என்றால், எங்கள் காலத்திலும் போட்டிக்குச் சிலரைத்தான் அனுப்பினோம். அவர்கள் போட்டிப் பாட்டைக் கொயர் பழகும் நேரத்தில் பழகக்கூடாது, தனி நேரத்தில்தான். வியாழக்கிழமை எல்லோருடையதும்.

#12 பேஸ் வரிசை | புதன், காலை 5.35

வயது எழுபதைத் தொட்டுவிட்டது. கைப்பேசியில் தட்டுவதற்கு நேரமாகிறது, அதனால் நேற்றிரவே தொடங்கி இப்போது முடிக்கிறேன்.

வைகை டெனர் தம்பி, நீயும் நானும் ஒரே கல்லூரி என்று நீ எழுதியதிலேயே தெரிந்துவிட்டது. கடைசிப் பழக்கத்தில் விளக்கை ஏன் அணைக்கிறோம் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை என்றாய். நான் சொல்கிறேன். எழுபதுகளில் ஒரு டிசம்பர். ஆறாவது வாசகம் முடிந்து நாங்கள் பாடத் தொடங்கி இரண்டு வரி ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது. ஆலயம் முழுக்க இருட்டு. தாள் தெரியாது, நடத்துகிறவரின் கை தெரியாது. நிறுத்திவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வரி முடிகிற இடத்தில் என் வலதுபக்கம் நின்றவன் மூச்சு இழுத்தது கேட்டது. அவனோடு நானும் இழுத்தேன், இடதுபக்கத்தவனும் இழுத்தான். அடுத்த வரி தானாக வந்துவிட்டது. மூன்று சரணமும் அப்படியே மூச்சுச் சத்தத்தை வைத்துக்கொண்டு பாடி முடித்தோம். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அடுத்த வருஷம் கடைசிப் பழக்கத்தில் எங்கள் மாஸ்டரே எழுந்து போய் விளக்கை அணைத்தார். அதிலிருந்து வந்த வழக்கம் அது.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். அந்தக் கொயருக்கு ஒரு நோட்டு இருந்தது. நீளமான பேரேடு, காக்கி அட்டை. போகிற வருஷத்தார் வைத்துவிட்டுப் போகும் பாட்டை அதில்தான் மைப்பேனாவால் சால்ஃபாவில் எழுதுவோம். 1978-ல் எங்கள் பாட்டை எழுதுவதற்காக அதை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். பரீட்சை முடிந்ததும் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமும் அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. திருநகரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. அக்கா சொல்லும் மோகனக் கீர்த்தனை அதில் இருக்கவேண்டும். பேஸ் வரிசையில் நின்று அந்த ச-வை நான் எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறேன் என்பது என் நுரையீரலுக்குத் தெரியும்.

யாராவது வந்து பரணில் ஏறி இறக்கவேண்டும். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது.

#13 வைகை டெனர் | புதன், காலை 6.02

அண்ணே, இன்று சாயங்காலமே வருகிறேன். நோட்டைப் பற்றி மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். உங்களிடம் இருந்ததால்தான் இன்று இருக்கிறது. கல்லூரியில் இருந்த ஃபைல்கள் வெள்ளையடிக்கும்போது போய்விட்டன என்று மாணவர்கள் சொன்னார்கள்.

#14 வைகை டெனர் | வியாழன், இரவு 11.30

நேற்றுப் போய் இறக்கினேன். புதுக்குரலும் அவள் தோழியும் கூட வந்தார்கள். அண்ணன் வீட்டில் சுடச்சுடப் பணியாரம் போட்டுக் கொடுத்தார்கள், அதற்கு முதல் நன்றி.

நோட்டு இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. ஆனால் எழுத்து அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே வருஷம், எத்தனை கட்டை, தாளம். கீழே நாலு வரி. வரிக்கு வரி பென்சிலில் சின்னச் சின்ன டிக் இருக்கிறது. என்னவென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் சொன்னார், "அது மூச்சு". நாற்பது பேரும் எங்கே மூச்சு எடுக்கவேண்டும் என்று இத்தனை வருஷத்துக்கு முன்னால் யாரோ குறித்துவைத்திருக்கிறார். ஒரு இடத்தில் மட்டும் டிக்கை அழித்துவிட்டு, "இங்கே வேண்டாம், சொல் முறிகிறது" என்று பென்சிலிலேயே தமிழில் எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இருவரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

மோகனக் கீர்த்தனை கிடைத்தது. இரண்டு கட்டை, ஆதி தாளம். அக்கா சொன்ன மாதிரியே பேஸுக்கு ச-வும் ப-வும் தவிர வேறு ஒன்றும் இல்லை. டெனர் இரண்டு அட்சரம் தள்ளித்தான் நுழைகிறது. ஆனால் சரணத்தில் ஆல்ட்டோ வரி ஓடும் இடம் முழுக்க அரித்துப்போயிருக்கிறது. சோப்ரானோ, டெனர், பேஸ் மூன்றும் இருக்கின்றன. ஆல்ட்டோ இல்லை.

அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

#15 ஆல்ட்டோ அக்கா | வெள்ளி, அதிகாலை 4.50

இருக்கிறது தம்பி. எங்களுக்கு ஸ்டென்சில் தாளில் கொடுத்தார்கள். தாள் போய்விட்டது, பாட்டு போகவில்லை. பாடிப் பதிந்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குரல் இப்போது கரகரக்கிறது. சுரம் சரியாகத்தான் இருக்கும். பாத்திரம் கழுவும்போது நாற்பது வருஷமாக அதைத்தான் முனகுகிறேன்.

#16 புதுக்குரல் | வெள்ளி, இரவு 9.45

அக்கா, கேட்டு எழுதிவிட்டோம். இன்று விசிறியை நிறுத்திவிட்டு ஒருமுறை நாலு குரலிலும் பாடிப்பார்த்தோம். பேஸ் வரிசை ஐயா கைப்பேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த டிசம்பரில் இதைப் பாடப்போகிறோம். சுருதிப்பெட்டி சார், வியாழக்கிழமை பழக்கத்துக்கு நீங்கள் அவசியம் வரவேண்டும். அரசரடி அண்ணன் சொன்ன மாதிரி ஒரு நாட்டுப்புறப் பாட்டும் எடுத்திருக்கிறோம், அதற்கு அவர்தான் வந்து சொல்லித்தரவேண்டும்.

ஒரே ஒரு சந்தேகம். சரணம் முடிந்து எல்லோரும் உட்காரும் இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் தேய்ந்துவிடுகிறது. அங்கே ஆல்ட்டோ ச-வா, க-வா? நாங்கள் க எடுத்தோம். அந்த மேல்சுரம் கேட்கவில்லை.

#17 ஆல்ட்டோ அக்கா | வெள்ளி, இரவு 9.52

ச. க டெனரிடம் இருக்கிறது.